நாண வேண்டியவர் யார்?

ஒருவர் தம் பொருளைப் பறிகொடுத்தார் என்ற செய்தி நம் செவிக்கு எட்டுகிறது. வீடு புகுந்து திருடினார்கள் என்றால், "ஐயோ, பாவம்!" என்கிறோம். வழிமறித்துப் பறித்தார்கள் என்றால், காவல் நிலையம் வரையில் உடன் செல்கிறோம். ஆனால், கைப்பேசிக்கு வந்த பொய்ச் செய்தியை நம்பி இழந்தார் என்றால் மட்டும் நம் உதட்டில் ஒரு சிரிப்பு அரும்புகிறது. "பேராசை! இப்படியுமா ஏமாறுவார்கள்?" என்று தீர்ப்புக் கூறிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். திருடனைப் பற்றி ஒரு சொல் இல்லை. திருட்டுக் கொடுத்தவருக்கே தண்டனை!

இந்தச் சிரிப்பு அறியாமையில் பிறந்தது. அதைவிடக் கொடுமை, அது திருடனுக்கு நாம் கூலியின்றிச் செய்யும் ஊழியமாகவும் இருக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம். தமிழாசிரியரையும் மாணவரையும் முன்னிறுத்தியே இதனை எழுதுகின்றேன். அதற்கான காரணம் போகப் போக விளங்கும்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2022ஆம் ஆண்டில் பிரிக்பீல்ட்ஸில் நடந்த திருமணம் ஒன்றில், பந்தியில் அமர்ந்திருந்தோம். யாரோ ஒரு முதியவர் பொய்யான வரிப்பாக்கி அழைப்பை நம்பிப் பணம் இழந்த கதையை ஒருவர் சொன்னார். இலை முழுதும் சிரித்தது, யானும் சிரித்தேன். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியனான யான், "கற்றும் அறியார்" என்று ஒரு நகைச்சொல்லும் சேர்த்தேன். எங்கள் எதிரில், கிள்ளானில் எங்கள் தெருவில் வாழும் அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. யான் அதனைக் கவனித்ததாக நினைவில்லை.

அவ்வாண்டுத் தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்னர் அந்த அம்மையாருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவர் பெயருக்கு வந்த பொட்டலம் தேங்கிக் கிடப்பதாகவும், இரண்டு வெள்ளிச் சொச்சம் செலுத்தினால் வீடு வந்து சேரும் என்றும் அது கூறியது. அக்கம்பக்கத்துப் பிள்ளை ஒருவன் படித்துச் சொன்னான். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் சேலை அனுப்புவதாக உண்மையிலேயே சொல்லியிருந்த வாரம் அது. தாயுள்ளம் ஐயுறுமா? செய்தியிலிருந்த இணைப்பைத் தொட்டார். அவருடைய வங்கியின் நிறமும் சின்னமும் கொண்ட பக்கம் திறந்தது. மகன் எழுதிக் கொடுத்திருந்த கடவுச்சொல்லைப் பார்த்துப் பார்த்து எழுதினார். பின்னர் 'டேக்' எண் வந்தது, அதனையும் எழுதினார். பொழுது சாய்வதற்குள் 18,000 வெள்ளி போய்விட்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து மறைந்த கணவரின் சேமநிதிப் பணம் அது.

அவர் அன்று எவரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், மகன் வற்புறுத்திக் கேட்டபின்பே வாய்திறந்தார். அதற்குள் அந்தப் பணம் கணக்கு மாறிக் கணக்கு மாறிக் கைக்கெட்டாத இடத்திற்குச் சென்றுவிட்டது. செய்தி அறிந்து ஓடிய யான், "அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "சொன்னா நீங்கெல்லாம் சிரிப்பீங்களே, ஐயா" என்றார்.

அந்த ஒரு வரி என் முப்பதாண்டு ஆசிரியப் பணியைக் கூண்டில் ஏற்றியது. கள்வன் எடுத்தது பணத்தை. அதனை மீட்க இருந்த ஐந்து நாளை எடுத்தவர் யார்? பந்தியில் சிரித்த நாங்கள்.

இந்தத் திருட்டின் இயல்பை அறிந்தால் நம் சிரிப்பின் கொடுமையும் விளங்கும். 1990களின் நடுவில், அமெரிக்காவில் இணையச் சேவைப் பயனர்களின் கடவுச்சொற்களைத் திருடியவர்களிடையே 'ஃபிஷிங்' என்னும் சொல் தோன்றியது. மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்தைத் திரித்து அமைத்த பெயர் அது. தமிழில் தூண்டில் மோசடி என்போம். வங்கியைப் போலவும் அரசைப் போலவும் வேடமிட்டுச் செய்தி அனுப்பி, போலிப் பக்கத்தில் நம் கையாலேயே நம் சாவியைக் கொடுக்கச் செய்வதே அதன் தொழில். "தூண்டிற்காரனுக்கு மிதப்பின்மேல் கண்" என்பது பழமொழி. அவன் மீனைப் பார்ப்பதில்லை. மிதப்பு எப்போது அசைகிறது என்றே பார்க்கிறான். ஆயிரமாயிரம் பேருக்கு ஒரே செய்தியை வீசுகிறான். பொட்டலத்தை எதிர்பார்த்திருக்கும் தாய் அவ்வாயிரவருள் ஒருத்தியாக இருந்தால் போதும். அவர் அறிவிலி என்பதால் சிக்கவில்லை. எதிர்பார்த்திருந்த வேளையில் வந்ததால் சிக்கினார். அவர் இடத்தில் நீரும் யானும் இருந்திருக்கலாம்.

"ஆசைப்படாதவர் ஏமாறுவதில்லை" என்று சிலர் வாதிடுவர். அவர்களை நேரே கேட்கிறேன். சாலைச் 'சம்மன்' கட்டாமல் நிற்கிறது என்ற பொய்ச்செய்தியைக் கண்டு அஞ்சிப் பணம் கட்டுபவரிடம் என்ன பேராசை? வருமான வரி வாரியத்திலிருந்து பேசுவதாகவும், கைதாணை பிறந்துவிட்டதாகவும் மிரட்டும் குரலுக்கு நடுங்கும் ஓய்வுபெற்றவரிடம் என்ன பேராசை? அரசு அறிவித்த ரஹ்மா உதவித்தொகைக்குப் பதிவு செய்வதாக எண்ணிப் போலிப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணை எழுதும் ஏழையிடம் என்ன பேராசை? அச்சமும், கடமையுணர்வும், அன்பும், வறுமையுமே இத்தூண்டிலின் இரைகள். பெருவட்டி ஆசை காட்டும் மோசடிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், ஆசைப்பட்டவனைத் திருடலாம் என்று எந்தச் சட்டம் கூறுகிறது? நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு ஏமாற்றியவனைத்தான் தண்டிக்கிறது, ஏமாந்தவரை அன்று. சட்டத்திற்குள்ள நேர்மை சான்றோர்க்கு இருக்க வேண்டாமா?

தமிழ்ப் பண்பும் நம் சிரிப்பின் பக்கம் இல்லை. மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றைப் பெரியபுராணத்தில் பயிலாத தமிழாசிரியர் இலர். களத்தில் அவரை வெல்ல மாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி தரித்து, சுவடிக் கட்டினுள் கத்தியை ஒளித்துக்கொண்டு அரண்மனை புகுந்தான். அரசர் துயில்கிறார் என்று தடுத்த காவலன் தத்தனைப் பொருட்படுத்தாமல் உள்ளே நுழைந்தான். எங்கும் இல்லாத ஆகமநூல் கொணர்ந்ததாகச் சொன்னான். அரசியை அகற்றித் தனியிடத்தில் மட்டுமே உரைப்பேன் என்றான். அரசர் வணங்கியபோது கத்தியை உருவினான்.

இக்கதையில் இன்றைய மோசடியின் நான்கு அடையாளங்களும் உள்ளன. நம்பத்தக்க வேடம் ஒன்று. கிடைத்தற்கரிய பொருள் ஒன்று. தடுப்பவரைத் தள்ளிக்கொண்டு வரும் விரைவு ஒன்று. "பிறர் அறியலாகாது, தனியே இரு" என்னும் நிபந்தனை ஒன்று. 'வங்கி அதிகாரி' என்பான், 'இன்றே முடிவு' என்பான், 'பிள்ளைகளிடம் சொல்லாதே, விசாரணை கெடும்' என்பான். கைப்பேசியில் வருகிறவன் முத்தநாதனின் கொள்ளுப்பேரனே! சுவடிக் கட்டினுள் கத்தி இருந்தது. இன்று குறுஞ்செய்தியினுள் இணைப்பு இருக்கிறது. ஆயினும், மெய்ப்பொருளாரை ஏமாளி என்று தமிழ் இகழ்ந்ததா? இல்லை; நாயன்மாராக ஏற்றிப் போற்றியது. நம்பியவர் பக்கம் நின்று வஞ்சித்தவனைப் பழிப்பதே நம் மரபு. முத்தநாதனை உயிரோடு ஊரெல்லை கடத்திவிடச் சொன்னார் அரசர்; அஃது அவருடைய அன்பின் எல்லை. நமக்கு அந்தக் கடமை இல்லை. நமக்கு வேண்டியவர்கள் தத்தர்கள். ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் ஒரு தத்தன்.

அந்தத் தத்தனை உருவாக்கும் பொறுப்பு யாருடையது? இங்கேதான் தமிழாசிரியர் வருகிறார். அந்த அம்மையாரின் கைப்பேசியை யான் பின்னர் வாங்கிப் பார்த்தேன். 'டேக்' எண் வந்த செய்தி அழியாமல் இருந்தது. புதிய கைப்பேசி ஒன்றை உம் கணக்கோடு இணைப்பதற்கான எண் இது என்றும், இதனை எவருக்கும் தராதீர் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. மலாயில் எழுதியிருந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரையில் படித்த அவர் தமிழ் நாளேட்டை ஒரு வரி விடாமல் படிப்பவர். எச்சரிக்கை அவர் உள்ளங்கையிலேயே இருந்தது; அவர் படிக்கும் மொழியில் இல்லை.

கங்காணி நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கைநாட்டு வைத்தவர்கள் நம் முன்னோரில் பலர். அந்த இழிவைப் போக்கத்தான் தோட்டந்தோறும் பள்ளி வேண்டினோம். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துச் சொத்தாக்கவும் கற்றோம். துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அத்தகைய சிறு தொகைகளால் எழுந்ததே. அப்படி வியர்வை சிந்திச் சேர்த்த ஒரு தலைமுறை, இன்று படிக்க இயலாத செய்தியிலுள்ள ஆறு எண்களை எழுதி, மீண்டும் கைநாட்டு வைக்கிறது. கைநாட்டைத் தமிழ்ப்பள்ளி ஒழித்தது என்று மேடையில் முழங்குகிறோமே, இந்தப் புதிய கைநாட்டை ஒழிப்பது யார் வேலை?

"இது வங்கியின் பொறுப்பு, அரசின் பொறுப்பு" என்பார் சிலர். அவர்கள் கூற்றில் பாதி உண்மை உண்டு. பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்கு ஐந்து பாதுகாப்பு நடவடிக்கைகளை வலியுறுத்தியது. குறுஞ்செய்தி வழி வரும் எண்ணைக் கைவிட்டு வேறு வலுவான உறுதிமுறைக்கு மாறுதல், புதிய கைப்பேசியை இணைத்தால் ஒரு காத்திருப்பு நேரம் வைத்தல், ஒரு கணக்குக்கு ஒரே கைப்பேசியை உறுதிக்கருவியாகக் கொள்ளுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். அந்தக் காத்திருப்பு நேரம் சில வாரங்கள் முன்னரே நடைமுறையில் இருந்திருந்தால் அம்மையாரின் பணம் தப்பியிருக்கலாம். ஆகவே, வங்கிகளின் கடமையை யாரும் குறைத்துப் பேச வேண்டா. ஆனால், பூட்டு மாறும்போதெல்லாம் திருடன் புதுச்சாவி செய்கிறான். குறுஞ்செய்தி எண் போனால், "செயலியில் தோன்றும் 'அங்கீகரி' என்னும் பொத்தானை அழுத்துங்கள்" என்று கேட்கிறான். இல்லையேல், வீடு துப்புரவு செய்யும் சேவை என்றும் திருமண அழைப்பிதழ் என்றும் சொல்லிப் புலனத்தில் 'ஏபிகே' கோப்பு ஒன்றை அனுப்புகிறான். அதனை நிறுவினால் நம் குறுஞ்செய்திகளை அவனே படிக்கிறான். 2023ஆம் ஆண்டில் மட்டும் மலேசியர் இணைய மோசடிகளில் இழந்தது 100 கோடி வெள்ளிக்கும் மேல். பூட்டு மட்டும் போதாது. வீட்டில் உள்ளவர் விழித்திருக்கவும் வேண்டும்.

"பாடத்திட்டமே முடியவில்லை, இதற்கு ஏது நேரம்?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். புதிய பாடம் கேட்கவில்லை, ஐயா! இருக்கும் பாடத்தையே கேட்கிறேன். திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல். அதனைத் தேர்வுக்கு மனனம் செய்வித்துவிட்டு, தெளியாமல் நம்பியவரைக் கண்டு சிரிப்பது என்ன கல்வி? லகர ளகர ழகர வேறுபாட்டை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். 'அறம்' என்பதில் ஓரெழுத்து மாறினால் 'அரம்' ஆகிறது. ஒன்று வாழ்விக்கும், மற்றொன்று அராவும். போலி இணைய முகவரியும் அவ்வாறே. ஆங்கில 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் சுழி எண்ணும், 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்னும் எண்ணும் நிற்கும். எழுத்துப்பிழை காணப் பயின்ற மாணவன் கண்ணுக்கு இது தப்புமா?

கடிதத்தில் முகவரி எழுதவும் நாம்தான் கற்பிக்கிறோம். வீட்டுப் பெயரை எவரும் தம் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம்; ஊர்ப் பெயரே இடத்தைக் காட்டும். இணைய முகவரியிலும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்வரும் பகுதியை அடுத்த சாய்கோடு வரையில் எடுத்துக்கொண்டு, அதன் ஈற்றைப் பார்க்க வேண்டும். முன்னால் வங்கியின் பெயர் எத்தனை முறை வந்தாலும் அது வெறும் வீட்டுப் பெயரே. மலேசிய அரசின் தளமாயின், ஈற்றில் 'கவ்' என்பதும் 'எம்வை' என்பதும் புள்ளிகளால் பிரிந்து நிற்கும். முகவரிக்கு அருகில் தோன்றும் பூட்டுச் சின்னம் நேர்மைக்குச் சான்றன்று. இடைவழியில் பிறர் படிக்க இயலாது என்பதை மட்டுமே அது காட்டும். வழியின் முடிவில் இருப்பவன் திருடனா அல்லனா என்பதை அது சொல்லாது. இத்தனையும் கருத்துணர்தல் பாடம் ஒன்றில் அடங்காதா?

வீட்டில் உள்ள முதியோர்க்கு இவ்வளவுகூட வேண்டா. அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. செய்தியில் வந்த இணைப்பைத் தொட வேண்டா. வங்கிக்கு எதுவும் கேட்க வேண்டுமானால், அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். கடவுச்சொல்லையும் 'டேக்' எண்ணையும் கேட்பவன் எந்த வேடத்தில் வந்தாலும் கள்வன். அவசரம் என்றால் நிறுத்துங்கள். இரகசியம் என்றால் உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கின் எண்ணையோ தொலைபேசி எண்ணையோ, காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தேடச் செய்யுங்கள். முன்னர்ப் புகார் வந்த எண்ணாயின் அது காட்டும். ஆனால், அங்கே காணாமையே நல்ல கணக்கு என்பதற்கு உறுதியாகாது.

இத்தனையும் மீறி இழப்பு நேர்ந்தால்? அப்போது நாழிகையே பணம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் எண் 997. அதற்கோ வங்கியின் அவசர எண்ணுக்கோ உடனே அழைத்தல் வேண்டும். பின் காவல் நிலையத்தில் புகார் அளித்தல் வேண்டும். திருடிய பணம் முதற்கணக்கில் நிற்கும் நேரம் சிறிது. அந்தச் சிறு நேரத்திற்குள் அழைத்தால் முடக்க வழியுண்டு. அழைக்க வேண்டியவரின் நாவைக் கட்டுவது எது? நாணம். அந்த நாணத்தை ஊட்டுவது எது? நம் சிரிப்பு. எனவேதான் சிரிப்பவன் திருடனின் கூட்டாளி என்கிறேன். அவன் பங்குப்பணம் பெறுவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

மாணவ இளைஞர்களுக்கும் ஒரு சொல். மேற்சொன்ன 'முதற்கணக்கு' யாருடையது தெரியுமா? பெரும்பாலும் கூட்டத் தலைவனுடையது அன்று. சில நூறு வெள்ளிக்கு வங்கி அட்டையையும் கடவெண்ணையும் வாடகைக்கு விட்ட யாரோ ஒருவருடையது. அவர்களுள் உங்களையொத்த இளைஞரும் உளர். "நான் யாரையும் ஏமாற்றவில்லை, அட்டையை மட்டுந்தான் கொடுத்தேன்" என்று இனிச் சொல்ல இயலாது. 2024இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டம், 424ஏ முதலிய பிரிவுகளால், கணக்கைப் பிறர் ஆளுகைக்கு விடுவதையே குற்றமாக்கியுள்ளது. வெளிநாட்டில் கொழுத்த சம்பளம் என்னும் விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்று, மோசடிக் கூடங்களில் அடைபட்டு, பிறரை ஏமாற்றுமாறு வதைக்கப்பட்ட மலேசியரும் உண்டு. தூண்டிலின் இரு முனையிலும் மனிதனே தொங்குகிறான். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூ விற்கும் பாட்டியின் பணம் உங்கள் கணக்கின் வழியே போகிறது என்றால், அந்தச் சில நூறு வெள்ளியில் வாங்கிய உணவு தொண்டையில் இறங்குமா?

தமிழாசிரியப் பெருமக்களே! இந்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வகுப்பு, ஒரு பாடவேளை, ஒரே ஒரு பயிற்சி: "உன் பாட்டிக்கு வந்த குறுஞ்செய்தியைத் தமிழில் எழுதி, அது மெய்யா பொய்யா என்று காரணங்காட்டுக." அன்று மாலை அக்குழந்தை பாட்டியின் அருகில் அமர்ந்து கைப்பேசியைப் புரட்டுமே, அது ஒரு வீட்டின் காவல். அத்துடன் இன்னொரு பயிற்சியும் வேண்டும், அது நமக்கு. ஏமாந்தவர் கதையைக் கேட்டால் சிரியாதிருத்தல்.

அந்த அம்மையாரின் பணம் திரும்பவில்லை. கடந்த தீபாவளிக்கு முதல் வாரம் அவர் என் வீட்டு வாயிலில் கைப்பேசியோடு வந்து நின்றார். "இது மெய்யான்னு பாருங்க, ஐயா" என்றார். பொட்டலம் ஒன்று தேங்கிக் கிடப்பதாக மீண்டும் ஒரு செய்தி. பொய்தான். இருவரும் உட்கார்ந்து, முகவரியின் ஈற்றை ஓரெழுத்து ஓரெழுத்தாகப் பார்த்தோம்; பிறகு அழித்தோம். அவர் நாணவில்லை. நாண வேண்டியவர் அவர் அல்லர் என்பதைக் கற்க எனக்குத்தான் அத்தனை நாள் ஆயிற்று.